தண்ணீரில் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம்: பல்லேடியத்தைத் திட்டுவதற்கு முன் ரெசினைப் பாருங்கள்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்ட். மெர்ரிஃபீல்டு ரெசின் என்ற பாலிமர் மணியில் பிரிடின் லிகண்டைக் (உலோகத்தைப் பிடித்துவைக்கும் மூலக்கூறை) கட்டி, அதில் வினையூக்கியாகப் பல்லேடியம் ஏற்றி, பென்சைல் ஆல்கஹாலைப் பென்சால்டிஹைடாக மாற்றுகிறார். டி.எம்.எஃப். என்ற கரிமக் கரைப்பானில் போட்டால் நன்றாக ஓடுகிறது. "தண்ணீரில் செய், அதுதான் பசுமை வேதியியல்" என்று கைடு சொன்னாராம். தண்ணீரில் போட்டால் 24 மணி நேரம் கழித்தும் ஜி.சி.யில் (வாயு நிறவியல் பகுப்பாய்வில்) பார்த்தால் மாறிய ஆல்கஹால் 10 சதவீதத்தைத் தாண்டவில்லை. பல்லேடியத்தைக் கூட்டலாமா, ரெசின் கெட்டுவிட்டதா, அதே வினையூக்கியை அஞ்சு தடவை திரும்பப் பயன்படுத்திக் காட்டினால் வைவாவுக்குப் போதுமா என்று கேட்கிறார்.

பல்லேடியத்தைக் கூட்டாதீர்கள் தம்பி, காசுதான் போகும். ரெசினும் கெடவில்லை. உங்கள் ரெசின் தண்ணீரில் விரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த "அவ்வளவுதான்" என்பதற்குள் இந்தத் துறையின் பாதி அடங்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மெர்ரிஃபீல்டு ரெசின் என்பது பாலிஸ்டைரீன் மணி. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு டைவினைல்பென்சீன் போட்டு அங்கங்கே குறுக்கே கட்டியிருப்பார்கள், மேலே குளோரோமெத்தில் குழுக்கள் இருக்கும். புரூஸ் மெர்ரிஃபீல்டு 1963-ல் பெப்டைடைப் படிப்படியாகக் கட்டுவதற்கு இந்த முறையைக் கொண்டுவந்தார், 1984-ல் நோபல் பரிசும் வாங்கினார். அவர் வேலை முழுக்க டைகுளோரோமீத்தேன், டி.எம்.எஃப். மாதிரி கரிமக் கரைப்பான்களில். அந்தக் கரைப்பான்களில் இந்த மணி ஊறிய ஜவ்வரிசி மாதிரி உப்பிக்கொள்ளும், ஒரு சதவீதக் குறுக்குக்கட்டு உள்ள மணி டைகுளோரோமீத்தேனில் காய்ந்த அளவைப் போல நான்கைந்து மடங்கு வரை போகும். அப்படி உப்பினால்தான் உள்ளே இருக்கும் சங்கிலிகள் விலகி வழி விடும். நீங்கள் கட்டிய லிகண்டு, ஏற்றிய பல்லேடியம் எல்லாம் பெரும்பாலும் மணிக்கு உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது, மேற்பரப்பில் இருப்பது சொற்பம். தண்ணீரில் போட்டதும் பாலிஸ்டைரீன் சுருங்கிக் கதவைச் சாத்திக்கொள்கிறது. உங்களுக்குக் கிடைத்த அந்த 10 சதவீதம், மேல்தோலில் இருக்கிற கொஞ்சம் பல்லேடியம் செய்த வேலையாகத்தான் இருக்கும்.

இதை நம்பச் சொல்லவில்லை, அளந்தே பார்க்கலாம். அடியில் ஃபில்டர் வைத்த 10 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சில் ஒரு கிராம் ரெசினைப் போட்டுக் காய்ந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். டி.எம்.எஃப். ஊற்றி அரை மணி நேரம் விட்டு மறுபடி அளவைப் பாருங்கள். அதையே இன்னொரு சிரிஞ்சில் தண்ணீரில் செய்யுங்கள். தண்ணீரில் போட்டது அசையவே அசையாது. அது மட்டுமில்லை, உங்கள் ரவுண்டு பாட்டம் பிளாஸ்க்கை ஒரு முறை உற்றுப் பாருங்கள்: தண்ணீர் மட்டத்துக்கு மேலே கண்ணாடிச் சுவரில் ரெசின் மணிகள் ஒரு வளையமாக ஒட்டிக் காய்ந்துபோயிருக்கும். பாலிஸ்டைரீன் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம்தான், ஆனால் தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பு என்பதால் காற்றுக் குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே மிதந்து சுவரில் ஏறிவிடும். அப்படி ஏறிய மணியில் இருக்கிற பல்லேடியம் கணக்கில் உண்டு, வேலையில் கிடையாது.

இதற்கு மருந்து 2003-லேயே வந்துவிட்டது. ஜப்பானில் ஒகாசாகியில் இருக்கும் மூலக்கூறு அறிவியல் நிலையத்தில் யாசுஹிரோ உவோசுமியும் நகாவோவும் பாலிஸ்டைரீன் மணியின்மேல் பாலிஎத்திலின் கிளைக்கால் சங்கிலிகளை, அதாவது பி.இ.ஜி.யை, ஒட்டவைத்த ரெசினை எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் பல்லேடியத்தை நானோ துகள்களாகப் பரப்பி, வெறும் தண்ணீரில், சாதாரண அழுத்த ஆக்சிஜனில் ஆல்கஹால்களை ஆக்சிஜனேற்றம் செய்து காட்டினார்கள். பிறகு 2007-ல் அதே குழு அதே வகை ரெசினில் பிளாட்டினத்தையும் வைத்துப் பார்த்தது. பி.இ.ஜி.க்குத் தண்ணீரும் பிடிக்கும், கரிமப் பொருளும் பிடிக்கும். அதனால் மணி தண்ணீரில் உப்புகிறது, கதவு திறக்கிறது.

இங்கேதான் பலரும் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. வினை நடப்பது தண்ணீரில் இல்லை, மணிக்குள். பென்சைல் ஆல்கஹால் தண்ணீரில் லிட்டருக்கு 40 கிராம் அளவுக்குக் கரையும், ஆனால் தண்ணீரோடு அதற்கு அவ்வளவு ஒட்டுறவு கிடையாது. பக்கத்தில் பாலிஸ்டைரீனும் பி.இ.ஜி.யும் சேர்ந்த ஒரு கொழகொழப்பான இடம் கிடைத்தால் அங்கே ஓடிப்போய் அடைந்துகொள்ளும். மணிக்குள் ஆல்கஹாலின் செறிவு வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு கூடும், பல்லேடியமும் அங்கேயே இருக்கும், ஆக ஓட்டம் பிடிக்கிறது. சொல்லப்போனால் உங்கள் கரைப்பான் தண்ணீரே இல்லை, பாலிமர்தான். தண்ணீர் வெளியே நின்று ஆல்கஹாலை உள்ளே தள்ளுகிறது, சூட்டை வாங்கிக்கொள்கிறது, காரத்தைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. அதனால் பாலிமரைப் பல்லேடியத்துக்கான வெறும் பிடிப்பாக நினைத்து ஏதோ ஒன்றை எடுத்தால் இப்படித்தான் 10 சதவீதத்தில் நிற்கும். கரைப்பானைத் தேர்ந்தெடுக்கிற கவனத்தோடு பாலிமரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பி.இ.ஜி. ரெசினுக்கு மாறும்போது எடைக் கணக்கும் மாறும், கவனம். மெர்ரிஃபீல்டில் கிராமுக்கு ஒன்று இரண்டு மில்லிமோல் வரை குழுக்கள் இருக்கும். பி.இ.ஜி. ஒட்டிய ரெசினில் எடையின் பெரும்பகுதி பி.இ.ஜி.யே என்பதால் கிராமுக்கு 0.2 முதல் 0.3 மில்லிமோல்தான். ஒரு மில்லிமோல் ஆல்கஹாலுக்கு ஒரு மோல் சதவீதம் பல்லேடியம் என்றால் 0.01 மில்லிமோல், கிராமுக்கு 0.25 என்று வைத்தால் 40 மில்லிகிராம் ரெசின் போட வேண்டும். ஐந்து மில்லி தண்ணீரில் 40 மில்லிகிராம் பிரச்சினை இல்லை. ஆனால் பெரிய அளவுக்குப் போகும்போது ரெசின் விலையே தலையில் இடிக்கும், ஆலையில் இருக்கிற எங்களை மாதிரி ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

விலை கொடுத்து வாங்க முடியாது என்றால், கையில் இருக்கிற மெர்ரிஃபீல்டின் குளோரோமெத்தில் குழுவிலேயே பி.இ.ஜி.யைக் கட்டலாம். ஒரு முனை மூடிய பி.இ.ஜி.யைச் சோடியம் ஹைட்ரைடு போட்டு இணைத்துவிட்டு, மீதிக் குழுக்களில் லிகண்டைக் கட்டுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் தண்ணீர் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்துகிற அயனிப் பரிமாற்ற ரெசின் இருக்கிறதே, அதைத் தொட்டுப் பாருங்கள். மணலிப் பக்கம் பாய்லர் வைத்திருக்கிற எந்த ஆலைக்குப் போனாலும் தண்ணீரில் உப்பை நீக்கும் டி.எம். பிளான்டில் கிலோ கணக்கில் இருக்கும், சில்லறையாக வேண்டும் என்றால் பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைக்காரர்களிடம் விசாரிக்கலாம். அதில் கேட்டயான் (நேர்மின் அயனி) வகையை எடுங்கள், சல்போனிக் அமிலக் குழு இருப்பதால் தண்ணீரில் தானாக உப்பும். பல்லேடியம் உப்புக் கரைசலில் ஊறவைத்தால் அயனியைப் பிடித்துக்கொள்ளும், பிறகு சோடியம் போரோஹைட்ரைடு விட்டால் மணி கறுத்துவிடும், பல்லேடியம் உலோகமாகிவிட்டது என்று அர்த்தம். மேக்ரோபோரஸ் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் துளைகள் நிரந்தரம், உப்பினாலும் உப்பாவிட்டாலும் வழி இருக்கும். வாங்கியதை அப்படியே போட்டுவிடாமல் மெத்தனால், அப்புறம் அமிலம், அப்புறம் தண்ணீர் என்று நன்றாகக் கழுவுங்கள். புது ரெசினிலிருந்து மஞ்சளாக எதுவோ வடியும், அது ஜி.சி.யில் வந்து உங்களைக் குழப்பும்.

ஒரு விஷயத்தில் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்: பிரிடின் லிகண்டு. பாஸ்பீன் லிகண்டைக் கட்டிக்கொண்டு ஆக்சிஜனேற்றத்துக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜன் முதலில் பாஸ்பீனைத்தான் தின்னும், பாஸ்பீன் ஆக்சைடு ஆனதும் பல்லேடியத்தைப் பிடிக்க ஆள் இல்லாமல் போய்விடும். நைட்ரஜன் லிகண்டுகள் தாக்குப்பிடிக்கும். டெல்ஃப்ட்டில் ரோஜர் ஷெல்டன் குழு 2000-ல் தண்ணீரில் செய்தபோதும் பினாந்த்ரோலின் வகை லிகண்டில்தான் பல்லேடியத்தை வைத்தார்கள். அது பாலிமர் இல்லாத, தண்ணீரிலேயே கரையும் வினையூக்கி. 100 டிகிரி, 30 பார் காற்றழுத்தம் கேட்டது. கல்லூரி லேபில் அந்த அழுத்தத்துக்கு வழி கிடையாது, ஆசையும் வேண்டாம்.

ஆக்சிஜனுக்கு வருகிறேன், ரெசினுக்கு அடுத்தபடி இங்கேதான் பலருடைய வினையும் படுக்கிறது. ஒரு மில்லிமோல் ஆல்கஹாலுக்கு அரை மில்லிமோல் ஆக்சிஜன், அதாவது 16 மில்லிகிராம் வேண்டும். 25 டிகிரியில் காற்றோடு தொடர்பில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம்தான் கரையும். உங்கள் ஐந்து மில்லியில் 0.04 மில்லிகிராம். அப்படியென்றால் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து மறுபடி நிரம்புவது 400 தடவை நடக்க வேண்டும். சுத்த ஆக்சிஜன் பலூன் வைத்தால் 80 தடவை. நிரப்புவது யார்? ஸ்டிரர்தான். மெதுவாகச் சுற்ற விட்டுவிட்டு வினையூக்கி சோம்பேறி என்று எழுதிவிடக் கூடாது. சுற்றும் வேகத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள், கன்வர்ஷன் (மாறிய ஆல்கஹாலின் சதவீதம்) ஏறினால் நீங்கள் அளந்துகொண்டிருந்தது வினையூக்கியை இல்லை, ஆக்சிஜன் கரைகிற வேகத்தை.

சூட்டையும் யோசித்து வையுங்கள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு மேலே ஆக்சிஜன் பலூன் கட்டினால் ஒரு அட்மாஸ்ஃபியர் ஆக்சிஜன் கிடைக்கிறது என்று நினைக்கிறோம். கொதிக்கிற தண்ணீருக்கு மேலே இருப்பது பெரும்பாலும் நீராவிதான், அது ஆக்சிஜனைக் கன்டென்சர் பக்கம் தள்ளிவிடும். 80 டிகிரியில் நீராவி அழுத்தம் அரை அட்மாஸ்ஃபியருக்குக் கொஞ்சம் குறைவு, மீதி இடம் ஆக்சிஜனுக்கு. கொதிநிலையில் ஓடாத வினை 80-ல் ஓடினால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஸ்டிரரிலும் ஒரு வம்பு உண்டு. மேக்னெட்டிக் பார் பிளாஸ்க் அடியில் உருளும்போது மணிகளை அரைத்துத் தூளாக்கும். இரண்டு மூன்று சுற்று போனதும் ஃபில்டர் பேப்பர் அடைத்துக்கொள்ளும், எடை குறையும், வினை மட்டும் முன்னைவிட வேகமாக ஓடும், ஏனென்றால் தூளுக்கு மேற்பரப்பு அதிகம். "மறுபயன்பாட்டில் வினையூக்கி மேம்படுகிறது" என்று இதை வைத்து எழுதிவிடாதீர்கள். ஷேக்கரில் ஆட்டுங்கள், இல்லையென்றால் மேலிருந்து இறங்கும் ஓவர்ஹெட் ஸ்டிரர் வையுங்கள்.

சரி, எதற்கு இவ்வளவு பாடு, டி.எம்.எஃப்.பிலேயே செய்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அதற்குப் பதில் சொல்லும் முன், பல்லேடியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் ஏன் வந்தோம் என்று பாருங்கள். பழைய வழி குரோமியம். ஜோன்ஸ் முறையில் மூன்று மோல் ஆல்கஹாலுக்கு இரண்டு மோல் குரோமியம் டிரையாக்சைடு வேண்டும். ஒரு கிலோ பென்சைல் ஆல்கஹாலைக் கணக்குப் போட்டால் 600 கிராமுக்கு மேல் வருகிறது. அத்தனையும் கடைசியில் குரோமியக் கழிவு. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேட்டைப் பற்றி நம் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது, அந்தப் பக்கம் மஞ்சளாக வந்த நிலத்தடி நீரை எத்தனையோ தடவை படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். குரோமியத்தை ரெசினில் கட்டலாம் என்ற யோசனையும் பழசுதான்: 1976-லேயே இத்தாலியில் கைனெல்லி குழு அயனிப் பரிமாற்ற ரெசினில் குரோமிக் அமிலத்தை ஏற்றி ஆல்கஹால்களை மாற்றியது. கழிவு ரெசினோடு நின்றுவிடும், எடுப்பது சுலபம், ஆனால் அது வினையூக்கி இல்லை, ஒரு தடவை தீர்ந்துபோகிற ரீஏஜென்ட். அடுத்தது ஸ்வெர்ன் முறை. மைனஸ் 78 டிகிரிக்கு உலர் பனிக்கட்டி வேண்டும், முடிவில் டைமெத்தில் சல்பைடு நாற்றம். மணலிக்காரர்களுக்கு நாற்றம் ஒன்றும் புதுசில்லை, இருந்தாலும் பக்கத்து டிபார்ட்மென்ட்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

என்னைக் கேட்டால் தண்ணீருக்கு இருக்கிற பெரிய நியாயம் பசுமை இல்லை, தீ. சுத்த ஆக்சிஜன், எரியக்கூடிய கரைப்பானின் ஆவி, காய்ந்த பல்லேடியம், இந்த மூன்றும் ஒரே பிளாஸ்க்கில் சேர்ந்தால் பொறி தனியாக வேண்டாம். கரி மேல் பல்லேடியத்தை மெத்தனால் ஈரத்தோடு ஃபில்டர் பேப்பரில் காயவிட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பது ஹைட்ரஜனேற்றம் செய்கிற எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் எரியாது, வெப்பத்தை நிறைய உறிஞ்சும். பெரிய அளவில் ஆக்சிஜனேற்றம் செய்கிறவனுக்கு இது ஒன்றே போதும்.

பசுமை என்ற பேச்சை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்வேன். வினை முடிந்ததும் எத்தில் அசிடேட் ஊற்றிப் பிரித்தெடுக்கிறீர்கள் இல்லையா, அந்த எத்தில் அசிடேட் எவ்வளவு? ஐந்து மில்லி தண்ணீர் வினைக்கு மூன்று தடவை பத்துப் பத்து மில்லி என்றால் 30 மில்லி கரைப்பான். டி.எம்.எஃப். ஐந்து மில்லியை மிச்சம் பிடிக்க 30 மில்லி செலவு. பிரித்தெடுத்த பிறகும் தண்ணீரில் கொஞ்சம் பென்சால்டிஹைடும் பென்சாயிக் அமிலமும் மிச்சம் நிற்கும், அதை அப்படியே சிங்கில் ஊற்ற முடியாது. பெரிய அளவில் இந்தக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற செலவு கரைப்பானை வாலை வடித்துத் திரும்ப எடுக்கிற செலவைவிடக் கூடப் போவது சகஜம். தண்ணீர் இலவசம் என்கிற நினைப்பும் வட சென்னையில் எடுபடாது. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆர்.ஓ. செய்து, குழாய் போட்டு மணலி ஆலைகளுக்கு விற்கிறார்கள், நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர் திறன் உள்ள நிலையம் அது. ஆகவே தீசிஸில் "தண்ணீர் மலிவானது, பசுமையானது" என்று ஒரு வரியில் முடிக்காமல், எத்தனை மில்லி கரைப்பான் மொத்தம் போனது என்று ஒரு கணக்கு போடுங்கள். வைவாவில் வெளியிலிருந்து வருகிற பேராசிரியர் அங்கேதான் கை வைப்பார்.

அடுத்து, ஆல்டிஹைடு ஆல்டிஹைடாகவே நிற்குமா? தண்ணீரில் ஆல்டிஹைடு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு இரட்டை ஹைட்ராக்சில் ஆகும், அதை வினையூக்கி இன்னொரு ஆல்கஹால் மாதிரி பாவித்து அமிலமாக்கிவிடும். ஆக்டனால் மாதிரி நேர் சங்கிலி ஆல்கஹால்களில், அதுவும் காரம் இருந்தால், அமிலம் வருவதைத் தடுப்பது கஷ்டம். பென்சால்டிஹைடில் அந்த ஹைட்ரேட் குறைவாகவே உண்டாகும் என்பதால் நீங்கள் தப்பித்தீர்கள். ஆனால் அதற்கு வேறு வியாதி உண்டு. லேபில் பழைய பென்சால்டிஹைடு பாட்டில் இருந்தால் மூடியைத் திறந்து பாருங்கள், பாதாம் எசென்ஸ் வாசனையோடு கழுத்துப் பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி படிகம் இருக்கும். அது காற்றுப் பட்டுத் தானாக உண்டான பென்சாயிக் அமிலம். வினையூக்கியே இல்லாமல் அறை வெப்பத்தில் நடப்பது 80 டிகிரியில் ஆக்சிஜன் பலூனுக்கு அடியில் நடக்காதா? அதனால் அமிலம் வந்தால் பழியை உடனே பல்லேடியத்தின்மேல் போட வேண்டாம், வினையூக்கி இல்லாமல் பென்சால்டிஹைடை மட்டும் போட்டு ஒரு பிளாங்க் ஓட்டுங்கள்.

பல்லேடியம் இல்லாத வழி ஒன்று சொல்லவா? உங்கள் பட்ஜெட்டுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். டெம்போ என்கிற நிலையான நைட்ராக்சில் ரேடிக்கலும் பிளீச்சும், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டும். 1987-ல் அனெல்லி குழு இதை டைகுளோரோமீத்தேனும் தண்ணீரும் சேர்ந்த இரண்டு அடுக்கில், கொஞ்சம் புரோமைடு போட்டு, ஐஸில் வைத்துச் செய்தார்கள். 2000-ல் ஷெல்டன் குழு டெம்போவைப் பாலிமராக்கியது. அதற்கு அவர்கள் எடுத்த மூலப்பொருள்தான் எனக்குப் பிடித்தது: கைமசார்ப் 944. பாலிஎத்திலின், பாலிபுரொப்பிலின் சாமான்கள் வெயிலில் நொறுங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் கம்பெனிகளில் சேர்க்கிற ஸ்டெபிலைசர் அது, டன் கணக்கில் உற்பத்தியாகிற சரக்கு. அதில் இருக்கும் அமீன்களை ஹைட்ரஜன் பெராக்சைடும் கொஞ்சம் டங்ஸ்டேட்டும் போட்டு நைட்ராக்சிலாக மாற்றிவிட்டால், ஒவ்வொரு சங்கிலியிலும் நிறைய டெம்போ தலைகள். பிபோ என்று பெயர் வைத்தார்கள். குளோரின் கரைப்பானும் வேண்டாம், புரோமைடும் வேண்டாம், பிளீச்சோடு நேரடியாக ஓடுகிறது. உலோகமே கிடையாது என்பதால் பல்லேடியம் கழன்று பொருளில் கலக்கிற கவலையும் கிடையாது.

இதைச் செய்தால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கேனில் 10 சதவீதம் என்று ஒட்டியிருக்கிற ஹைப்போகுளோரைட்டை நம்பாதீர்கள். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் கடை வாசலில் நின்ற கேன் என்றால் பாதிகூட இருக்காது. ஒவ்வொரு நாளும் பொட்டாசியம் அயோடைடு, தயோசல்பேட், ஸ்டார்ச் வைத்து டைட்ரேட் செய்துவிட்டுப் போடுங்கள், பர்ஸ்ட் இயர் யு.ஜி.யில் செய்ததுதான். இன்னொன்று, பி.எச். 9 பக்கத்தில் பைகார்பனேட் போட்டு நிறுத்துங்கள், ஐஸில் வையுங்கள், சொட்டுச் சொட்டாக விடுங்கள், நன்றாகச் சூடேறுகிற வினை அது. முடிந்ததும் தயோசல்பேட்டால் மிச்ச பிளீச்சைக் கொன்றுவிட்டுத்தான் அமிலத்தைத் தொட வேண்டும், முன்னாலேயே அமிலம் விட்டால் குளோரின் வாயு.

அறை வெப்பத்திலேயே ஓடுகிற இன்னொரு கூட்டம் தங்கம். 2005-ல் சுகுடா குழு, பி.வி.பி. சுற்றிய 1.3 நானோமீட்டர் தங்கத் துகள் 27 டிகிரியிலேயே தண்ணீரில் பென்சைல் வகை ஆல்கஹாலைக் காற்றால் மாற்றுவதைக் காட்டியது. அதே தங்கம் 9.5 நானோமீட்டரில் கிட்டத்தட்ட செத்த மாதிரி. பி.வி.பி. என்றால் புண்ணுக்குப் போடுகிற போவிடோன் அயோடினில் இருக்கிற அதே பாலிமர். தண்ணீரில் கரைந்துவிடுவதால் வடிகட்ட முடியாது, அதுதான் குறை. சூடாக்கினால் பிரிந்து வருகிற பாலிமரைப் பயன்படுத்தலாமே என்று பி.என்.ஐ.பி.ஏ.எம். என்ற பாலிமரைச் சிலர் எடுக்கிறார்கள். 32 டிகிரிக்குக் கீழே கரையும், மேலே போனால் திரண்டு பிரியும். கட்டுரைகளில் "அறை வெப்பத்தில் கரைந்திருக்கும், சூடாக்கினால் பிரியும்" என்று எழுதியிருப்பார்கள். ஏ.சி. இல்லாத வியாசர்பாடி லேபில் மே மாதம் அறை வெப்பமே 35, 36. உங்களுக்கு அது கரையவே கரையாது, ஐஸ் வாங்கி வைத்துத்தான் கரைக்க வேண்டும்.

இப்போது அந்த அஞ்சு தடவை விவகாரம். போதாது. ஏன் என்று கணக்கிலேயே காட்டுகிறேன். உங்கள் வினையூக்கி முதல் தடவை 4 மணி நேரத்தில் 99 சதவீதம் முடிக்கிறது என்று வையுங்கள். நீங்கள் ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரம் ஓட்டிவிட்டுத்தான் ஜி.சி. எடுக்கிறீர்கள். முதல் படி வினை என்றால், வேகம் பாதியானால் 99-ஐத் தொட 8 மணி நேரம், கால்வாசியானால் 16, ஆறில் ஒரு பங்கானால் 24. ஆக வினையூக்கியில் ஆறில் ஐந்து பங்கு செத்துப்போனாலும் உங்கள் படத்தில் ஐந்து கட்டமும் ஒரே உயரத்தில் 99 என்று நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். கன்வர்ஷன் 30, 40 இருக்கும்போதே நிறுத்தி அளந்து, அந்த எண் ஒவ்வொரு சுற்றிலும் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி எடுத்த மூன்று சுற்று, 24 மணி நேரம் ஓட்டிய பத்துச் சுற்றைவிட மேல்.

பல்லேடியம் ரெசினைவிட்டுக் கழன்று தண்ணீருக்கு வருகிறதா என்பது தனிச் சோதனை. கன்வர்ஷன் 30 பக்கம் வரும்போது சூடாக இருக்கும்போதே வடிகட்டி, அதே சூட்டில் தயாராக வைத்த இன்னொரு பிளாஸ்க்கில் பிடித்து, அதே ஆக்சிஜனில் தொடர்ந்து ஓட்டுங்கள். ஆறிய பிறகு வடிகட்டினால் கழன்ற பல்லேடியம் மறுபடி ரெசினில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒன்றும் கழலவில்லை என்று தோன்றும். வடித்த தண்ணீரில் வினை தொடர்ந்தால் வேலை செய்தது ரெசின் இல்லை. கண்ணுக்கே தெரிகிற அறிகுறி ஒன்றும் உண்டு, பிளாஸ்க் சுவரில் சாம்பல் நிறமாகக் கண்ணாடி மாதிரி ஒரு படலம் பிடித்தால் பல்லேடியம் வெளியே வந்து உலோகமாகப் படிந்துவிட்டது.

வடித்த தண்ணீரில் வினை நின்றுவிட்டாலும் எவ்வளவு கழன்றது என்று எண்ணில் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமோல் அளவில் ஒரு மோல் சதவீதம் என்றால் 1.06 மில்லிகிராம் பல்லேடியம். அதில் நூற்றில் ஒரு பங்கு கழன்றால் 10.6 மைக்ரோகிராம். கிடைக்கிற பென்சால்டிஹைடு 106 மில்லிகிராம். மொத்தமும் பொருளோடு போனால் 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு. ஒரு சதவீதம்தானே என்று தோன்றுவது மருந்துக் கம்பெனிக்காரனுக்கு எவ்வளவு பெரிய எண் தெரியுமா? வாய்வழி மருந்தில் பல்லேடியத்துக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு, பத்து கிராம் மருந்துக்கு 10 பி.பி.எம். என்று கணக்கு வரும். உலோகத்தை நுணுக்கமாக அளக்கும் ஐ.சி.பி. கருவி உங்கள் கல்லூரியில் இருக்காது, ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருக்கும் சைஃப் என்ற பகுப்பாய்வுக் கருவி மையத்தில் வெளியார் மாதிரியையும் எடுத்துக்கொள்வார்கள், கைடு கையெழுத்தோடு அனுப்பலாம். தண்ணீர், பொருள் இரண்டையும் தனித்தனியாக அனுப்புங்கள், ரெசினையும் அமிலத்தில் கரைத்து ஒரு மாதிரி. மூன்றையும் கூட்டினால் ஆரம்பத்தில் போட்ட பல்லேடியம் வர வேண்டும்.

பொருள் கணக்கிலும் ஓட்டை விழும். பென்சால்டிஹைடு ரெசினுக்குள்ளேயே ஊறிக் கிடக்கும், ஆல்கஹாலை இழுத்த அதே காரணம் இதையும் இழுக்கும். வடிகட்டிய ரெசினை எத்தில் அசிடேட்டில் நன்றாகக் கழுவி அதையும் சேருங்கள், ஜி.சி.யில் அளவை ஒப்பிட்டுப் பார்க்க டோடெக்கேனை இன்டர்னல் ஸ்டாண்டர்டாகப் போடுங்கள். பி.இ.ஜி. ரெசின் என்றால் இன்னொரு எச்சரிக்கை: சூட்டில் ஆக்சிஜனோடு பல நாள் இருந்தால் பி.இ.ஜி. சங்கிலியே மெதுவாக ஆக்சிஜனேறி அறுந்துபோகும். பழைய மணியை ஐ.ஆர்.ரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) பார்த்தால் 1720 பக்கம் புதிதாக ஒரு சின்னக் கார்பனைல் பீக் எட்டிப் பார்க்கும். அது பென்சால்டிஹைடு மிச்சமா, பி.இ.ஜி. கெட்டதா என்று பிரித்துச் சொல்ல, புது மணியைப் பென்சால்டிஹைடில் ஊறவைத்துக் கழுவி ஒரு ஐ.ஆர். எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஒரே செமஸ்டரில் செய்ய முடியாது, தெரியும். இந்த வாரம் சிரிஞ்சு வைத்து உப்புகிற அளவை மட்டும் எடுங்கள்: டி.எம்.எஃப்., தண்ணீர், தண்ணீரோடு நீங்கள் போடுகிற அளவு பென்சைல் ஆல்கஹால் சேர்த்தது, மூன்றிலும். மூன்றாவதில் கொஞ்சமாவது உப்பினால் மெர்ரிஃபீல்டையே வைத்துக்கொண்டு ஒப்பேற்ற வழி சொல்கிறேன். உப்பவே இல்லை என்றால் கைடிடம் எண்ணைக் காட்டி, பி.இ.ஜி.யா பிபோவா என்று அவரையே முடிவெடுக்கச் சொல்லுங்கள்.